இரண்டாவது ஜாக்கி

கோயம்புத்தூரிலிருந்து வந்த பார்சல்
என் உயரத்துக்கு ஒரு சாண் குறைவு.
'ஜன்னல் கம்பியா மேடம்?' என்றான் கூரியர் பையன்.
ஸ்வே பார் என்றேன்.
புரிந்ததுபோல் கையெழுத்து வாங்கிக்கொண்டான்.

திங்கள்தோறும் காலை ஏழே முக்காலுக்கு
ஆண்டிப்பட்டிக் கணவாயின் வலது வளைவில்
என் பழைய ஐகான்
இடப்பக்கம் படுத்து எழுந்திருக்கும்.
பக்கத்து சீட்டுச் சாப்பாட்டுப் பை
கதவோரம் போய் ஒண்டிக்கொள்ளும்.
ரசம்தான் எப்போதும் முதலில் சிந்தும்.
'வித்துருவோமா' என்பார் வீட்டுக்காரர்.
அவருக்கு எல்லாவற்றுக்கும் அது ஒன்றுதான் மருந்து.

பழைய கம்பி பத்தொன்பது மில்லிமீட்டர்,
புதுசு இருபத்திரண்டு.
மூன்றுதான் வித்தியாசம்.
அது போதுமாம்.

ஞாயிறு. நாகமலை முதுகில் வெயில் ஏறுமுன்
சாக்கு விரித்து மல்லாந்தேன்.
இடது பக்கம் ஜாக்கி கொடுத்து,
கழற்றிய சக்கரத்தை
வண்டி வயிற்றுக்கடியில் தள்ளிவைத்தேன்;
விழுந்தால் அதன்மேல் விழட்டும்.
லிங்க் போல்ட்டு அசையவில்லை.
டீசல் விட்டேன்.
கொஞ்ச நேரம் கழித்து
கெட்ட வார்த்தை ஒன்றும் விட்டேன்.

மதிலுக்கு அந்தப் பக்கம்
மொக்கராசு பல் விளக்கிக்கொண்டிருந்தார்.
எங்களுக்குள் பேச்சு நின்று பதினான்கு மாதம்.
மதில் நாலு அங்குலம் உள்ளே வந்திருக்கிறது
என்கிறது என் பத்திரம்.
வரவே இல்லை என்கிறது அவர் பத்திரம்.
சர்வேயர் வந்தார், இளநீர் குடித்தார்,
இரண்டு வீட்டிலும் குடித்தார், போனார்.

கொப்பளித்துத் துப்பிவிட்டு
வானத்தைப் பார்த்துச் சொன்னார்:
'ஒத்தப் பக்கம் தூக்குனா
கம்பி முறுக்கிக்கிட்டுத்தான் நிக்கும்.
ரெண்டு பக்கமும் தூக்கணும்.'

என்னிடம் இருப்பது ஒரு ஜாக்கி.
அதை நானும் வானத்திடமே சொன்னேன்.

கேட் திறக்கிற சத்தம்.
அவருடைய குட்டியானையின் ஜாக்கி,
பச்சைப் பெயின்ட் உரிந்தது,
வலது பக்கத்தில் வந்து உட்கார்ந்தது.
வண்டி மூக்கைத் தூக்கி மட்டமானதும்
போல்ட்டு, சும்மா, கையோடு வந்தது.

அதற்குப் பிறகு எண்களில் பேசினோம்.
'பதினஞ்சு.'
'இந்தாங்க.'
'பதிமூணு. நீளம்.'
'அது இல்ல.'
'அப்ப அந்தப் பதினஞ்சே.'
துருத் தூள் கண்ணில் விழுந்தபோது மட்டும்
செம்பில் தண்ணீர் நீட்டினார், எண் சொல்லாமல்.

பழைய கம்பி ஒரு மணி நேரம் அடம்பிடித்து வந்தது.
புதுசை உள்ளே விட ஆள் ரெண்டு வேணும்.
சிவப்பு ரப்பர் புஷ்ஷில் கிரீஸ் தடவி
அந்த நுனி அவர், இந்த நுனி நான்.
சைலன்சர் குழாய் இடித்தது.
'கொஞ்சம் உங்க பக்கம்.'
'இடிக்குது, உங்க பக்கம் இழுங்க.'
'இல்லங்க, உங்க பக்கம்
ஒரு நாலு அங்குலம் விட்டீங்கன்னா...'

சொன்ன பிறகு
ரெண்டு பேரும் கொஞ்ச நேரம்
கம்பியையே பார்த்துக்கொண்டு படுத்திருந்தோம்.
மேலே எங்கோ மைனா கத்தியது.
விட்டேன்.
உட்கார்ந்துவிட்டது.

முழு முறுக்கு இப்போது வேண்டாம் என்றார்.
சக்கரம் மாட்டி, தரையில் இறக்கி,
தன் எடையில் வண்டி நின்ற பிறகுதான்
கடைசிச் சுற்று.
'ஏங்க, இட்லி ஆறுது' என்றது மதிலுக்கு அப்பால் ஒரு குரல்.
யாருடைய வண்டி என்று
அந்தக் குரலுக்குத் தெரியாமல் இருக்காது.

திங்கட்கிழமை கணவாயில்
சாப்பாட்டுப் பை வைத்த இடத்தில் இருந்தது.
ஆனால் இடது சக்கரம் பள்ளத்தில் இறங்கினால்
இப்போது வலதும் சேர்ந்து அதிர்கிறது.
அதையும் சேர்த்துத்தான் விலை போல.

சாயங்காலம் பச்சை ஜாக்கியைத் துடைத்துத் தூக்கிப்போனேன்.
மதில்மேல் வைக்கலாம் என்று கை போனது.
பிறகு தெருவைச் சுற்றிக் கேட் வழியாகவே போனேன்.
'வாய்தா பன்னெண்டாம் தேதி,
ஞாபகம் இருக்குல்ல?' என்றார்.
இருக்கு என்றேன்.
இதை எங்க வைக்கட்டும்?
'அங்கனயே வைங்க' என்றார்,
எங்கே என்று காட்டாமல்.